என் ஆயில் லீக்கும் அவர் எலுமிச்சையும்

ஆயில் லீக்கை நிறுத்த நேத்து முழுக்க கார் பானெட்டுக்குள்ள தலையை விட்டு, இன்ஜின் மேல்மூடியைக் கழட்டி, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, சீலன்ட் பசை தடவி மூடினேன்.

அது காய ஒரு நாள் ஆகும். "ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு எழுதி ஸ்டியரிங்ல ஒட்டினேன்.

இன்னிக்கு அமாவாசை. நான் குளிச்சிட்டு வரதுக்குள்ள என் வீட்டுக்காரர் காருக்குப் பூஜை போட்டு, டயருக்கு டயர் எலுமிச்சை வெச்சு, வண்டியை எடுத்து நசுக்கிட்டார்.

கீழ பூரா ஆயில்.

"ஒட்டியிருந்ததைப் பாக்கலையா?"

"பார்த்தேனே, குங்குமம்கூட வெச்சேன்."

நெஜமாவே வெச்சிருக்கார்!

கத்தினேன். அவர் நிதானமா சொல்றார்: "ஹோக்லி பிடு, போனா போகட்டும். பெருசா என்னமோ வர இருந்தது, ஆயிலோட போச்சு."

போகலைங்க. கையில ஸ்பேனரோட இங்கதான் நிக்கிறேன்.

எங்க அக்ரஹாரம் பக்கம் யாராவது இருந்தா, வந்து அவரைக் காப்பாத்துங்க.