சுவரைப் பார்த்து வாசித்தவர்

தாராவியில் எங்கள் சந்தில் ஒரு பிடில்காரர் இருந்தார். பகலெல்லாம் டின் பட்டறையில் தகரம் தட்டுவார். சாயங்காலம் குளித்துவிட்டு, பாண்டு கோஷ்டியில் யாரோ கழித்துப் போட்ட சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிடிலுக்கு அவர் வைத்திருந்த பெயர் மாமியார். சுருதி இறங்கிவிட்டால், "மாமியார் இன்னைக்கு முகங்குடுத்துப் பேச மாட்டேங்கா" என்பார். காதுகுத்து, சடங்கு, சாவு எதுவானாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். முதல் பாட்டு பாத்திரம் கழுவுகிற பெண்களுக்கு. அப்புறம்தான் வீட்டுக்குள் வருவார். வந்தாலும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

அவர் இறந்துபோய்ப் பல வருஷம் ஆன பிறகு அவரை வைத்து ஒரு தனிநடிப்பு எழுதினேன். அப்போது செம்பூரில் குடியிருந்தேன். ஆபீஸ் வேலை போக, சனி ஞாயிறுகளில் நாடகம். எனக்குப் பிடில் வாசிக்கத் தெரியாது. பதிவு செய்த இசை ஓடும், நான் வில்லைக் காற்றில் இழுப்பேன். மாட்டுங்காவில் ஒரு சின்ன அரங்கில் முதல் காட்சி. நான் சிவப்புக் கோட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றதும் சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த இடத்தை வேண்டுமென்றே நீட்டினேன். கடைசியில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில் பெண்ணின் தாய்மாமன் அவரை வெளியே துரத்துகிற காட்சி. அதில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தது மேடையிலிருந்தே தெரிந்தது.

முடிந்ததும் எல்லோரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருந்த ஒரு பெண் கடைசியாக வந்தாள். பிடில்காரரின் மகள். இப்போது சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில் தையல் வேலை செய்கிறாளாம். யாரோ போனில் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நன்றாகச் செய்ததாகச் சொன்னாள். கோட்டு அப்படியே இருந்தது என்றாள். பிறகு, குறையாக இல்லாமல் சும்மா ஒரு தகவல் போலச் சொன்னாள்.

"அய்யாவுக்குப் பட்டறைச் சத்தத்துல இடது காது போயிட்டுக்கா. பிடிலு அந்தப் பக்கம்லா இருக்கும். செவத்துல பட்டுத் திரும்புனாத்தான், தான் வாசிக்கது தனக்குக் கேக்கும்."

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. அடுத்ததாக அவள் கேட்டதற்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியவில்லை.

"அன்னைக்கு அய்யாவ வெளிய போகச் சொன்னது உங்க மாமாவாக்கா?"

நாடகம் என்றால் சிலதை மாற்றித்தான் எழுத வேண்டியிருக்கும் என்று ஆரம்பித்தேன். என் குரல் ஆபீஸில் பேசுகிற குரலாகிவிட்டது எனக்கே கேட்டது. நான் நிறுத்தியதும், "நான் வாசல்ல சட்டி கழுவிக்கிட்டு இருந்தேங்கா" என்றாள்.

அது என் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்கள் சந்துக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தபோது, எங்கள் முன்னறையில் பிடில்காரர் அந்தக் கோட்டோடு சுவரைப் பார்த்து நின்று வாசித்துக்கொண்டிருந்தார். பட்டுப்புடவையோடு நானே உள்ளிருந்து வந்தேன். போய்விடுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து வில்லை எட்டிப் பிடித்தேன். திரும்பி என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எந்தப் பாட்டு வேணும் தாயி?" என்று கேட்டார்.

நான் வாசலைக் கைகாட்டினேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிடிலைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, வருகிறவர்கள் கண்ணில் படாமல் பின்சந்து வழியாகப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் அவர் வரவில்லை. மாமா அன்று ஊரிலேயே இல்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டாக்ஸி வைத்துத் தருகிறேன் என்றேன். பஸ் இருக்கிறது என்று போய்விட்டாள்.

அடுத்த காட்சி செம்பூரில். மாமாவை எடுத்துவிட்டு, "போகச் சொன்னது நான்தான்" என்று என் குரலிலேயே சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பும்போது காது விஷயத்தையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் என் கணவர் இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், நிச்சயதார்த்தத்தன்று பாட்டு ஒன்றும் ஏற்பாடு செய்யவில்லையா என்று அவருடைய அம்மா கேட்டதையும், யாரும் கிடைக்கவில்லை என்று என் அப்பா சொன்னதையும் சொன்னார்.

மறுநாள் பழைய சந்துக்காரர்களிடம் நம்பர் வாங்கி, பிடில்காரர் மகளுக்குப் போன் செய்தேன். மன்னித்துக்கொள் என்றேன். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"மாத்திட்டீங்களாக்கா?"

"மாத்திட்டேன்."

"சரி."

அடுத்த காட்சிக்கு வரச் சொன்னேன். ஸ்கூல் யூனிபாரம் ஆர்டர் நிறைய இருக்கிறது, பார்க்கலாம் என்றாள். இதுவரை வரவில்லை.