நாத்தனார் ஓடிய பக்கம்

பார்சல் அலுவலகத்து டீ இடைவேளையில் இன்றைக்கும் சுற்றிவருகிற கதை இது. துணி அலமாரி விஷயமாக அண்ணிக்கும் நாத்தனாருக்கும் வாய்த்தகராறாம். நாத்தனார் மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாளாம். வெளிநாட்டு மைதானத்தில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், வேண்டுமென்றே ஒதுங்கிப் பந்தை விட்டாளாம். கோல் காத்து நின்ற அண்ணியின் பெயர் நாறிப்போனதாம். சொல்கிறவர்களில் ஒருவரும் ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அந்த அலமாரிக்கு எத்தனை கதவு என்பதுவரை தெரியும்.

நடந்தது வேறு. அதில் அலமாரியே கிடையாது.

நாத்தனார் பத்தொன்பது வயதில் தேசிய அணிக்குள் நுழைந்தவள். அங்கே அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தவர் பயிற்சியாளர். அது திட்டு இல்லை, உத்தியோகம். பெனால்டி கார்னர் என்றால், காக்கிறவர்கள் ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். எதிரணி பந்தைத் தள்ளிவிட்ட நொடியில், அவர்களில் ஒருத்தி முகமூடியோடு எல்லோருக்கும் முந்தி, அடிக்கப்போகிறவளை நோக்கி நேராக ஓட வேண்டும். பந்து முழங்காலைப் பெயர்த்தாலும் சரி, வயிற்றைப் பதம் பார்த்தாலும் சரி, அவள் அடைத்த பக்கம் கோல் விழக்கூடாது. புத்தியுள்ள எவரும் பந்தை விட்டு ஓடுவார்கள். இவள் பந்தை நோக்கி ஓடியே இருபத்திரண்டு நாடு பார்த்தாள். பார்சல் அலுவலக வேலையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் அப்படி வந்ததுதான். எந்த நாடு எப்படி இருந்தது என்று கேட்டால், "எல்லாம் நீலமா இருக்கும்" என்பாள். ஆடுகளத்து விரிப்பைத் தவிர அவள் வேறெதையும் உருப்படியாகப் பார்த்ததில்லை.

அண்ணி அதே அணியின் கோல்கீப்பர். இவளைவிட மூன்று வயது பெரியவள். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன், ஒருநாள் தங்கையை அழைத்துவரப் பேருந்து நிலையம் போனான். தங்கையோடு இறங்கிய கோல்கீப்பரின் பை ஆள் உயரம் இருக்கும், வியர்வை நாற்றம் ஊரைத் தூக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வீடுவரை போனவன், நாலாம் மாதம் கல்யாணம் என்று வந்து நின்றான். அந்தப் பை அதற்குப் பிறகு இவர்கள் வீட்டு மாடிப்படிக்கடியில் குடியேறியது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சம்மதித்தாள்.

மைதானத்தில் இருவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. கார்னர் வந்தால் முந்திரிக்கொட்டை இடது பக்கத்தை அடைப்பாள். வலது பக்கம் அண்ணியின் பொறுப்பு. எட்டு வருஷமாக இதில் மாற்றமே இல்லை.

அந்த ஆட்டத்தில் சமன் செய்தாலே அரையிறுதி. இடைவேளையில், உடைமாற்றும் அறையின் குளியல் மூலையில், அண்ணி அவளை இழுத்து நிறுத்தினாள்.

"வலது இடுப்பு பிடிச்சுக்கிச்சுடி. அந்தப் பக்கம் விழ முடியல."

"டாக்டர்கிட்ட சொல்லுங்க அண்ணி."

"சொன்னா உக்கார வச்சிடுவாங்க. உலகக் கோப்பைக்கு ஆள் எடுக்கற நேரம். கார்னர் வந்தா நீ வலது பக்கம் போ, இடது நான் பாத்துக்கறேன்."

"மறந்துட மாட்டீங்களே?"

"எனக்கா மறக்கும்?"

முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் கார்னர் வந்தது. சொன்னபடி இவள் வலது பக்கம் பாய்ந்தாள். அண்ணியின் உடம்புக்கு எட்டு வருஷப் பழக்கம். இடுப்பு வலியையும் மீறி அதுவும் வலது பக்கமே விழுந்தது. ஆளில்லாத இடது பக்கத்தில் பந்து சாவகாசமாக உள்ளே போனது. அரையிறுதியும் அதோடு போனது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, எப்போதும் நிற்கிற இடத்தை விட்டு அவள் நழுவியதுபோல் தெரிந்தது.

"ஏன் பக்கம் மாத்தின?" என்றார் பயிற்சியாளர்.

உண்மையைச் சொன்னால் அண்ணி அணியிலிருந்து போவாள். சொல்லாவிட்டால் இவள் போவாள். இவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலை நிமிராமல் கால் கவசத்தின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

"கணக்குத் தப்பிடுச்சு சார்" என்றாள் இவள்.

ஊர் திரும்பியதும் வீட்டில் பேச்சு நின்றது. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நடுவில் அண்ணன் தபால்காரன்.

"உப்பு வேணுமான்னு உங்க தங்கச்சியக் கேளுங்க."

"உப்பு வேணுமாம்மா?"

"உண்மை பேசறவங்க கையால குடுத்தா வேணும்னு சொல்லுண்ணே."

அண்ணன் உப்புக் கிண்ணத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம் உலகக் கோப்பைப் பட்டியல் வந்தது. அண்ணியின் பெயர் இருந்தது. இவள் பெயர் இல்லை. செய்தியைப் படித்துவிட்டுப் பார்சல் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். செருப்பு மாட்டும்போது சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சார், அன்னைக்கு அவ நான் சொன்ன பக்கம்தான் போனா. நான்தான் மறந்து விழுந்தேன். இடுப்பு போய் ரெண்டு மாசமாச்சு. மறைச்சேன்."

அம்மா அடுப்பை அணைத்தாள். அண்ணன் பல் விளக்கிக்கொண்டே வந்து நின்றான். ஃபோனில் பயிற்சியாளர் கத்தியது வாசல்வரை கேட்டது.

இருவரையும் உடல்தகுதிச் சோதனைக்கு வரச் சொன்னார்கள். அண்ணியால் பாதிகூட முடிக்க முடியவில்லை. இவள் முடித்தாள். உலகக் கோப்பைக்கு இவள் போனாள், அதற்குப் பிறகு இன்னும் நாலு வருஷம் நாட்டுக்கு ஓடினாள். அண்ணி அதோடு சரி. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பெண்களுக்குக் கோல் காக்கச் சொல்லிக்கொடுக்கிறாள்.

நாத்தனார் உள்ளே, அண்ணி வெளியே என்றதும் ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. போன வாரம் எடைபோடும் ஆள் நேரிலேயே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, அண்ணி மேல இருந்த கோவத்துலதான் பந்தை விட்டியாமே?"

அவள் பெட்டியில் முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை.

"கோவமெல்லாம் அந்த கோலுக்கு அப்புறம்தான் வந்துச்சு. சண்டை போட எனக்கு வீடு இருக்குண்ணே. அதுக்கு எதுக்கு ரெண்டு பிளேன் மாறிப் போகணும்?"