ஜீப் ஸ்டாண்டில் திருத்திய கட்டுரை

'இதைச் சொல்ல நீ யார்?'

போன வியாழக்கிழமை ஒரு கல்லூரி ப்ராஜெக்ட்டின் பதினொன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் இந்தக் கேள்வியைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நிஜமாகத்தான். அவ்வளவு கோபம்.

ப்ராஜெக்ட்டை எழுதியவள் மகேஸ்வரி. கூடலூர்ப் பெண். தேனியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. கடைசி வருடம். இந்தப் பத்தியை விடாமல் படித்து, வாராவாரம் என்னைத் திட்டி மெசேஜ் அனுப்புகிறவள் — அப்படித்தான் பழக்கம். திங்கட்கிழமைக்குள் மாற்றி எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு மைக்காரரான கைடு, அதாவது ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர், கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்து இல்லையென்றால் டிகிரி இல்லை. டிகிரி இல்லையென்றால், சென்னையில் எம்.ஏ.வுக்குக் கிடைத்திருக்கும் சீட்டும் போச்சு.

அப்படி என்ன எழுதிவிட்டாள்?

கூடலூரிலிருந்து தினமும் காலையில் குமுளி வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகளைப் பற்றி எழுதியிருந்தாள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பேர். அவளுடைய அம்மா லட்சுமியும் அதில் ஒருவர். ஏன் இவ்வளவு கூட்டம்? டிரைவருக்குப் பேராசை, பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை — வழக்கமாக இப்படித்தான் எழுதுவோம். மகேஸ் அப்படி எழுதவில்லை. தோட்டத்து கேட்டில் ஏழரை மணிக்குப் பேர் எடுக்கிறார்கள். ஐந்து நிமிடம் பிந்தினாலும் அன்றைக்கு வேலை கிடையாது. அதனால்தான் எல்லாரும் முதல் ஜீப்பில் தொற்றுகிறார்கள். அப்படியானால் நேரத்தைக் கறாராக வைக்கிற தோட்டம்தான் இந்தக் கூட்டத்துக்கும் பொறுப்பு. இதுதான் அவள் வாதம். சும்மா சொல்லவில்லை. இரண்டு வாரம் ஸ்டாண்டில் நின்று, எந்த ஜீப் எப்போது கிளம்பியது, எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள்.

அதற்குத்தான் 'நீ யார்?'

பக்கத்திலேயே ஆலோசனை வேறு: 'இரு தரப்பையும் சொல்லி, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என முடிக்கவும்.'

எனக்கு ஏன் இவ்வளவு எரிந்தது? நானே அப்படி முடித்து முடித்துப் பரிசு வாங்கினவள். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ச் சிக்கனமா — 'நாம் அனைவரும் ஒன்றிணைவோம்.' சாலைப் பாதுகாப்பா — 'ஒன்றிணைவோம்.' பிளாஸ்டிக் ஒழிப்பா... அதற்கும் அதேதான். யார் ஒன்றிணைந்தார்கள்? எங்கள் வீட்டு அலமாரியில் நான்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் சேர்ந்தது, அவ்வளவுதான்.

யாருக்கும் வலிக்காத, யாரிடமும் எதையும் கேட்காத பத்துப் பக்கம். அதற்குப் பெயர் கட்டுரை! பன்னிரண்டு வருடம் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். அதைத் தாண்டி ஒரு பெண் தன் கண்ணால் பார்த்ததை வைத்து ஒரு வரி யோசித்துவிட்டால், உடனே சிவப்பு மை வந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை மாலையே கூடலூருக்கு பஸ் ஏறிவிட்டேன். மகேஸ் வீட்டில் உட்கார்ந்து வீராவேசமாகப் பேசினேன்.

"ஒரு வார்த்தை மாத்தாத. எதிர்த் தரப்புன்னு நாலு வரி வெச்சிருக்கியே, அதையும் தூக்கு. அடிக்கிறதுன்னா முழுசா அடி."

"நெசமாவாக்கா?"

"நெசமாத்தான்."

தூக்கினாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. கோபத்தில் சொல்லும் ஆலோசனைகள் கேட்க எப்போதும் நன்றாகத்தான் இருக்கின்றன.

அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று மகேஸுக்கு ஆசை. வீட்டில் அவருக்கு ஏது நேரம்? சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அவரோடு ஜீப் ஸ்டாண்டுக்கே போனோம். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. தலையில் துண்டு, கையில் தூக்குவாளி என்று பெண்கள் சுற்றி நின்றார்கள். மகேஸ் செல்போன் வெளிச்சத்தில் வாசித்தாள். 'வண்டியின் அளவுக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றக் கூடாது' என்ற இடத்தில் குரல் உயர்ந்தது.

"ஏத்தா, நிறுத்து."

மாரியம்மா. லட்சுமியோடு ஒரே தோட்டத்தில் காய் எடுப்பவர்.

"பத்து ஆளுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னா, மிச்ச ஆளு இங்கன நின்னு என்ன செய்றது? ஒங்காத்தாளும் அதுல ஒருத்தி. அவளுக்கு நீ வேலை குடுப்பியா? இல்ல, ஒங்கூட வந்திருக்காகளே பேப்பர்ல எழுதுறவுக, இவுக குடுப்பாகளா?"

ஒரே சிரிப்பு. டிரைவர்கூடச் சிரித்தார்.

"அதுக்குத்தான அத்தை, தோட்டக்காரவுகளே வண்டி விடணும்னு எழுதியிருக்கேன்..."

"விடுவாக, விடுவாக! அவுக விடுற வரைக்கும் நாங்க ஒலை வைக்காம இருக்கணுமாக்கும்? படிச்ச புள்ள எழுதுனதுல நடுவுல ஒரு பக்கத்தையே காணோமேத்தா!"

லட்சுமி மகளைப் பார்த்தார். "மாரி கேக்குறது சரிதான ஆத்தா? அதுக்கு என்ன எழுதியிருக்க?"

மகேஸ் என்னைப் பார்த்தாள். நான் யாருடைய தூக்குவாளியையோ பார்த்தேன்.

அவள் முதலில் எழுதியிருந்த நாலு வரி கிட்டத்தட்ட இதே கேள்விதான். தூக்கச் சொன்ன புண்ணியவதி நான்.

கைடு கேட்ட 'இரு தரப்பு' வெறும் சம்பிரதாயம். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், கடைசியில் ஒரு கும்பிடு. அந்தக் கடுப்பில் எதிர்க்கேள்வியே வேண்டாம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மாரியம்மா கேட்டது சம்பிரதாயம் இல்லை. அவருடைய அன்றைய பிழைப்பு. அதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரை எப்படி ஓர் அடி நகரும்? நானும் மகேஸும் கைடை ஜெயிப்பதற்காகவே எழுதிக்கொண்டிருந்தோம். நம்ப வைக்க வேண்டியவர்களோ ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

ஜீப் கிளம்பியது. லட்சுமிக்கு உள்ளே இடமில்லை. பின்பக்கம் ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் காற்றிலுமாகப் போனார். மகேஸ் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

மாரியம்மாவின் கேள்வியை இரண்டாம் பக்கத்திலேயே வைத்தாள், அவர் கேட்ட சூடு குறையாமல். பிறகு தன் நோட்டைத் திறந்தாள். பதில் அதிலேயே இருந்தது! அடுத்தடுத்த ஜீப்புகள் பாதி காலியாகப் போயிருந்தன. ஏழரைக்குள் போய்ச் சேராத வண்டியில் யார் ஏறுவார்கள்? பேர் எடுப்பதை அரை மணி தளர்த்தினால் போதும். முதல் ஜீப்பின் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒருவருக்கும் வேலை போகாது. தோட்டக்காரர்கள் வண்டி விடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 'ஏற்றக் கூடாது' என்ற வரியை அவளே அடித்தாள்.

திங்கட்கிழமை கைடு இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாராம்.

"இந்த எதிர்க்கேள்வி நல்லா இருக்கே. எந்த புக்ல எடுத்தம்மா?"

"புக் இல்ல சார். மாரியம்மா அத்தை. மொத ஜீப்பு, பின் சீட்டு."

அடிக்குறிப்பில் பெயர், தொழில், ஊர் எல்லாம் இருந்தது. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஓரத்தில் மட்டும் சிவப்பில் ஒரு குறிப்பு: 'நடை சற்றுக் காரம்.'

காரமாம்!

சீட் தப்பித்தது. ஜீப்பில் கூட்டம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் என் கோபமும் அப்படியே. கட்டுரையின் ஒரு பிரதி இந்த வாரம் தோட்டத்து ஆபீசுக்குப் போகிறது. தபாலில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மாரியம்மா. "என் கேள்விய வெட்டாமப் போட்டிருக்கேல்ல? அப்பக் குடு. ஒத்தையில இல்ல, மொத்த ஜீப்போட போயி நாங்களே குடுக்குறோம்."

இனிமேல் யாராவது 'ஒன்றிணைவோம்' என்று கட்டுரையை முடித்தால், அவரைக் கூடலூரில் அந்த முதல் ஜீப்பில் ஏற்றிவிடப் போகிறேன். இரண்டு காலும் வைக்க இடம் கிடைத்தால், மீதியை எழுதட்டும்.