முட்டை வேன் எஞ்சின்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. பின்னால் வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஒரு டீசல் எஞ்சின். நெற்றியில் (எஞ்சினுக்கு எது நெற்றி என்று கேட்காதீர்கள்) சந்தனம், குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை.

"பல்லடம் பழனிச்சாமியண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க" என்றார் டிரைவர்.

எனக்குப் பகீர் என்றது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுபவர்களுக்கு என் காரைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். ஒரு மில் முதலாளி வீட்டு ஷெட்டில் தூசி படிந்து கிடந்ததை ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கிய மறுநாளே ஈச்சனாரி தாண்டி ஒரு புளியமரத்தில் முட்டினேன். அன்றோடு ஸ்டியரிங் என் மனைவி சாவித்திரியின் கைக்குப் போய்விட்டது. அவள் கிணத்துக்கடவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஐந்து வருடம் தினமும் அதில்தான் போய் வந்தாள். பொள்ளாச்சி ரோட்டு பஸ் டிரைவர்கள் அவளுக்கு ஹாரன் அடித்து வணக்கம் வைப்பார்கள். நான்? பக்கத்து சீட்.

எட்டு மாதம் முன்பு எஞ்சின் பிளாக்கில் விரிசல். நம்மூர் பட்டறைக்காரர்கள் லேசில் விடுவார்களா? இரண்டு தடவை வெல்டிங் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை எஞ்சின் அடியோடு கைவிரித்துவிட்டது. சாவித்திரி பஸ்ஸுக்கு மாறினாள். வேறு எஞ்சின் போட வேண்டும். சரி... எதைப் போடுவது?

அந்த 'எது' என்னை உட்காரவிடவில்லை. கணபதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் தேவராஜிடம் ஒரு ஜப்பான் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அலுமினியம் ஹெட், எடை குறைவு. அதையே போடலாம் என்று காலையில் முடிவெடுப்பேன். மத்தியானம் யாராவது, "டீசல் போடுங்க, மைலேஜ் அள்ளும்" என்பார்கள். சாயங்காலம் டீசல். ராத்திரி சாப்பிடும்போது மறுபடி பெட்ரோல். டென்டிஸ்ட்டிடம் கேட்டேன். கேபிள் டிவிக்காரரிடம் கேட்டேன். ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டேன்.

அந்த நேரத்தில்தான் பழனிச்சாமியின் முட்டை வேனில் ஏறினேன். பழனிச்சாமி காலேஜ் ஹாஸ்டலில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். இப்போது பல்லடத்தில் கோழிப்பண்ணை. ஆனைமலைக்கு முட்டை லோடு கொண்டுபோகிறேன், அம்மனையும் கும்பிட்டு வரலாம் என்று கூப்பிட்டிருந்தார். மேட்டில் வேன் மூச்சு வாங்காமல் ஏறியது. நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

"என்னங்க பழனிச்சாமி, இந்த இழுப்பு இழுக்குது! இந்த மாதிரி எஞ்சின் ஒண்ணு என் காருக்குக் கெடச்சாப் போதுமுங்க."

"அதுக்கென்னங்ணா" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பலன்தான் மாலையோடு வந்து இறங்கியது.

அன்றே எஞ்சினைத் தேவராஜிடம் கொண்டுபோனேன். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"நல்ல எஞ்சினுங்க சார்."

"நம்ம கார்ல உக்காருமா?"

"உக்கார வெச்சுப்போடலாமுங்க. முன்னாடி சேஸிஸக் கொஞ்சம் வெட்டோணும். பானெட்ட ஒரு மூணு இஞ்ச் தூக்கோணும். திங்கக்கெழம காலைல வெட்டிப்போடறனுங்க. வெட்டுனா மறுபடி பழையபடி ஆகாது. பரவால்லீங்களா?"

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் மனசு மறுபடி பெட்ரோலுக்குத் தாவிவிட்டது.

வெள்ளிக்கிழமை எஸ்டிடி பூத்துக்குப் போய்ப் பழனிச்சாமிக்கு போன் போட்டேன். வேண்டாம் என்று சொல்லத்தான். "எஞ்சின் புடிச்சுதுங்களாண்ணா?" என்றார் ஆசையாக. "அம்சமா இருக்குதுங்க" என்றது என் வாய். சனிக்கிழமை மறுபடி போட்டேன். பல்லடத்தில் மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்தேன். நம்மூர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. ஆசையோடு நீட்டினால் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாவித்திரி பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"ஏனுங்க, கால்ல சக்கரம் கட்டியிருக்குதுங்களா? வாங்க, அந்த எஞ்சின நானும் ஒருக்காப் பாத்துட்டு வாரேன்."

போனோம். எஞ்சினை அவள் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. தேவராஜிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது பழச விட எத்தன கிலோ கூடுங்க?"

"ஒரு எம்பது கிலோ வருமுங்க டீச்சர்."

எட்டு மாதத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. நானும் கேட்கவில்லை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் எழுபத்தெட்டு கிலோ.

செத்துப்போன பழைய எஞ்சின் இன்னும் காருக்குள்ளேயே இருந்தது. அதன் மேல் ஒரு பலகை போடச் சொன்னாள். என்னை ஏறி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். காரின் முன்பக்கம் பொசுக்கென்று இறங்கியது. அவள் ஸ்டியரிங்கில் உட்கார, தேவராஜும் வெல்டரும் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளினார்கள். பட்டறை கேட்டில் இடது பக்கம் திருப்ப வேண்டும்.

அவளால் முடியவில்லை.

ஐந்து வருடமாக ஒரே கையால் வளைத்துக்கொண்டிருந்தவள் இரண்டு கையாலும் பிடித்தாள். சீட்டிலிருந்து பாதி எழுந்தாள். ஆட்டுக்கல்லை இழுப்பது போலத் தோளைக் கொடுத்து இழுத்தாள். கார் கேட்டை நோக்கி நேராகவே போனது. தேவராஜ் ஓடிவந்து நிறுத்தினார். அவள் இறங்கி, உள்ளங்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். கோபமே இல்லை.

"பரவால்லீங்க. நான் பஸ்லயே போயிக்கறேன்" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பலகையிலிருந்து இறங்கவே வெட்கமாக இருந்தது. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டேன். ஸ்டியரிங்கைப் பிடிப்பவளை மட்டும் கேட்கவில்லை. நாளைக் காலை அந்த வெட்டு விழுந்தால் அவள் அந்தக் காரை இனி ஓட்டவே முடியாது.

நேராகப் பல்லடம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று மனதுக்குள் ஒத்திகை. பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

பண்ணையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது முட்டை வேன்தான். செங்கல் மேல் நின்றது. பானெட் திறந்து கிடந்தது. உள்ளே... ஒன்றுமே இல்லை.

"பழனிச்சாமி, வேன் எஞ்சின் எங்கீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்க பட்டறைலதானுங்ணா இருக்குது."

"வேன்ல ஓடிட்டிருந்ததையா கழட்டுனீங்க!"

"நீங்க வாய் தொறந்து கேட்டுப்போட்டீங்க. இல்லீன்னு எப்படீங்ணா சொல்றது?"

நான்கு நாளாக முட்டை வாடகை டெம்போவில் போகிறதாம். ஒரு லோடு பாதிக்குப் பாதி உடைந்ததாம். இதை அவர் சொல்லவில்லை. காபி கொண்டுவந்த அவர் மனைவி, டம்ளரை டங்கென்று வைத்துவிட்டுச் சொன்னார்.

கண்ணை மூடிக்கொண்டேன். "எனக்கு அந்த எஞ்சின் வேண்டாமுங்க பழனிச்சாமி."

சொல்லிவிட்டேன்! கண்ணைத் திறந்தால், பழனிச்சாமி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "அம்மணி, டெம்போக்காரனுக்கு போன் போடு!" என்று உள்ளே ஓடினார்.

திங்கட்கிழமை விடிந்ததும் தேவராஜிடம் ஜப்பான் பெட்ரோல் எஞ்சினையே போடச் சொன்னேன். "நானும் மொதல்ல இருந்து அதைத்தான் நெனச்சனுங்க சார்" என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

நேற்று கார் வந்தது. சாவித்திரி கிணத்துக்கடவு போய்த் திரும்பி வந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மறுபடி ஏறித் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். ஒரே கையில்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் அதே டெம்போ. பழனிச்சாமி சந்தோஷத்தில் பதினைந்து அட்டை முட்டை அனுப்பியிருக்கிறார். சாவித்திரி முட்டை தொடமாட்டாள். எனக்கு டாக்டர் தடை. இந்தத் தடவை விடக்கூடாது என்று வேகமாக எழுந்துபோய் வாயைத் திறந்தேன்...

"எதுக்குங்க இத்தன செரமம்? உள்ள கொண்டாந்து வைங்க."