கோழிப் பாட்டுக்கு ஒரு விளக்கவுரை

போன ஞாயிறு மலாக்காவில் ஒரு பாராட்டு விழா. 'கோழிக்கும் டிக்கெட்டு' பாடிய சின்னையா அங்கிளுக்கு. அறுபதுகளில் வந்த இசைத்தட்டு. நீங்கள் கேட்டதில்லையா? கவலை வேண்டாம்... விழாத் தலைவரும் கேட்டதில்லை.

முன்வரிசையில் என் பக்கத்தில் அங்கிளின் மனைவி ராஜம்மா ஆன்ட்டி. உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் சாப்பிட்டுக்கொண்டே பாட்டின் பின்னணியைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு ஆன்ட்டி மஸ்ஜித் தானா ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தபோது, அவர் கூடையிலிருந்த கோழி தப்பித்துக் காலி சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சீட்டில் உட்கார்ந்தால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும் என்று கண்டக்டர் ஒரே பிடிவாதம். வீட்டுக்குப் போனதும் ஆன்ட்டி அதைப் பாட்டாக எழுதிவிட்டார். கல்யாணமான பிறகு அங்கிள் கிட்டாரில் மெட்டுப் போட்டார். இசைத்தட்டில் மட்டும் எழுத்து, இசை, குரல் — மூன்றுக்கும் அங்கிள் பெயர்.

"இன்னைக்கு மேடையில என் பேரச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு. பாப்போம் லா" என்றார் ஆன்ட்டி. கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் பட்டுப்புடவை புதுசு.

தலைவர் மைக்கைப் பிடித்தார். கோழி என்பது உழைக்கும் வர்க்கமாம். பஸ் முதலாளித்துவமாம். கண்டக்டர்? ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி! பாவம், சம்பளத்துக்கு டிக்கெட் கிழித்த மனிதர். "இவ்வளவு ஆழமா எழுத இவரால மட்டும்தான் முடியும்" என்று சொல்லி அங்கிளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அங்கிள் மறுத்தாரா? அவ்வளவு ஆழமானவர் எப்படி மறுப்பார்... கைகூப்பி ஏற்றுக்கொண்டார். ஆன்ட்டி பாதிக் கறிபாப்பைத் தட்டில் வைத்துவிட்டார்.

அடுத்து பாடச் சொன்னார்கள். முதல் சரணம் நன்றாகவே போனது. இரண்டாவது சரணம் வரவில்லை. அங்கிள் மேலே பார்த்தார். மின்விசிறி எடுத்துக் கொடுக்கவில்லை. தலைவரைப் பார்த்தார். ஆழம் தெரிந்த அவருக்கு அடுத்த வரி தெரியவில்லை. கடைசியில் முன்வரிசைக்கு வந்தார்.

"ராஜம், அடுத்து என்னா?"

"என்னைய ஏன் கேக்குறீங்க? எழுதுனவங்களக் கேளுங்க."

அங்கிள் பொன்னாடையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எழுதுனது இவதான்" என்றார் மைக்கில். "என் சம்சாரம் ராஜம்மா. நான் மெட்டுப் போட்டுப் பாடுனேன், அவ்வளவுதான்."

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே எடுத்துக் கொடுத்தார். "முட்டைக்கு அரை டிக்கெட்டு போடுங்கண்ணே..."

ஆக, தலைவர் சொன்ன உழைக்கும் வர்க்கம் ஒருவழியாக ஜெயித்துவிட்டது. விருந்தில் கோழி வறுவல் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.