பந்த் நாளில் வாங்கிய மருந்து

ஜனவரி பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் வியாதி வரும். ஹைதராபாத் மாதாப்பூரின் கண்ணாடிக் கட்டடத்துக்குள், ஏசிக் காற்றில் வருடம் முழுக்கக் கத்தரிக்காய் போல மினுமினுத்தவர்கள், பொங்கல் முடிந்த மறுவாரமே சர்க்கரை, மூட்டுவலி, குடற்புண், தோல் அரிப்பு என்று காகிதத்தில் படுத்துவிடுவார்கள். வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் வரை மருந்து பில் கொடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. கொடுக்காவிட்டால் பிடித்துக்கொள்வார்கள். வரி கட்டுவதற்கு வியாதியே மேல் என்று ஆயிரம் பேர் பேசிவைக்காமலேயே முடிவு செய்திருந்தோம்.

எனக்கு வியாதி வழங்கியவர், குகட்பள்ளியில் என் வீட்டுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தார். நூற்றுக்கு மூன்று ரூபாய் வாங்கிக்கொண்டு பில் எழுதுவார். "ஏ டேட் காவாலி சார்?" எந்தத் தேதி வேண்டும் என்று, கல்யாண மண்டபக்காரர் போலக் கேட்பார். உங்களுக்குத் தோன்றியதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு வானம் நன்றாகவே இருந்தது. பில்லைப் பார்த்திருக்க வேண்டும்.

தனி மாநிலம் கேட்டு அடிக்கடி பந்த் நடந்துகொண்டிருந்த காலம் அது. யாரோ ஒரு புண்ணியவான், ஒரு எம்.எல்.ஏவின் பயணப்படிக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். ஊரே அடைத்துக் கிடந்த ஒரு பந்த் நாளில், தலைவர் தொகுதியிலிருந்து ஹைதராபாத்துக்குக் காரில் வந்து போனதாகப் பணம் வாங்கியிருந்தார். அதுவும் ஒரே நாளில் இரண்டு தடவை.

கேன்டீன் கொதித்தது.

"ஏனுங்க, அன்னிக்குப் பால் கிடைக்காம நான் வரக்காப்பி குடிச்சனுங்க. இவரு ரெண்டு வாட்டி வந்துட்டுப் போனாராமா?" என்றார் என் பக்கத்து இருக்கைக் கோயமுத்தூர்க்காரர்.

"ஹெலிகாப்டரா இருக்கும்" என்றேன்.

"அதுக்குத் தனியா பில் வெச்சிருப்பானுங்க."

சபாநாயகருக்கு மனு அனுப்புவது என்று முடிவானது. எழுதுவது நான். இரண்டு பக்கத்தில் ஒரு வாக்கியம் எனக்கே பிடித்துப்போனது: 'தலைவலிக்கு ஒரு மாத்திரைகூட வாங்க முடியாமல் நகரம் கதவடைத்துக் கிடந்த அந்த நாளில், உங்கள் உறுப்பினரின் கார் மட்டும் எங்கள் வரிப்பணத்தைக் குடித்துக்கொண்டு இரண்டு முறை ஓடியது.' வாசித்தபோது 'எங்கள் வரிப்பணம்' என்ற இடத்தில் மேசையைத் தட்டினார்கள். இருநூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மனுவைக் கேன்டீன் பலகையில் ஒட்டிவைத்தோம், மற்றவர்களும் போடட்டும் என்று.

இரண்டு நாளில் தலைவர் விளக்கம் சொன்னார். தேதியைத் தப்பாக ஏற்றியது அலுவலக குமாஸ்தாவாம். குமாஸ்தாவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்களாம். "ஆளப் பலி குடுத்துட்டானுங்க பாருங்க" என்று சிரித்து, இன்னொரு டீ சொன்னோம்.

அன்று மதியம்தான் அவள் வந்தாள். கணக்குப் பிரிவில் எங்கள் பில்களைப் பாஸ் செய்கிற பெண். இந்த ஊர்ப் போலாரத்துக்காரி, ரயில்வே பட்டறை வேலைக்காக மதராஸ் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். தற்காலிகம்தான், மார்ச்சில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆள் இருந்தால் என்னை சார் என்பாள், இல்லாவிட்டால் அண்ணா.

"அண்ணா, படிக்கட்டுக்கு வாங்க ஒரு நிமிஷம்."

கையில் என் பில். "இது உங்களோடதா?"

"ஹவ்" என்றேன், ஆமாம் என்பதை அவளுடைய ஹைதராபாத் பாஷையில், வேடிக்கையாக. அவள் சிரிக்கவில்லை.

"தேதியப் பாருங்க."

பார்த்தேன். அதே பந்த். தலைவரின் கார் ஓடிய அதே நாள். அன்று எதிர்க்கடையின் இறக்கிய ஷட்டரைப் பால்கனியிலிருந்து பார்த்தபடிதான் என் தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன். பில்லின்படி அந்த ஷட்டருக்குப் பின்னால் நான் மூன்று பாட்டில் கிரைப் வாட்டரும், கர்ப்பிணிகளுக்கான இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கியிருக்கிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு.

"மருந்துக்கடைக்கு பந்த்ல விலக்கு உண்டும்மா" என்று தொடங்கினேன்.

"ஒரு மாத்திரகூடக் கிடைக்கலன்னு நீங்களே எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்க. திங்கக்கிழமை ஆடிட்டர் வர்றார். மத்தியானம் அந்தப் பலகைக்குக் கீழதான் சாப்பிடுவார்." குரல் இறங்கியது. "கட்டுக்கட்டா வந்துச்சா, தேதி பாக்காம நானும் கையெழுத்துப் போட்டுட்டேன் அண்ணா. ஏன் பாஸ் பண்ணேன்னு என்னத்தான் கேப்பாங்க."

"தேதிய மாத்திடேன். ஒரு சுழி போட்டா ஆறு எட்டாயிடும்."

"நக்கோ அண்ணா." வேண்டவே வேண்டாம் என்று உடனே சொன்னாள். பிறகு மெதுவாக, "அந்த எம்.எல்.ஏவும் இப்படித்தான் யார்கிட்டயோ சொல்லிருப்பார். செஞ்சவர் இப்ப வீட்ல உக்காந்திருக்கார்."

டீயோடு சிரித்தது நினைவுக்கு வந்தது. அந்த குமாஸ்தாவுக்கு இதுவரை முகம் இல்லாமல் வசதியாக இருந்தது.

பில்லைத் திரும்பப் பெறுகிறேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் அவள் தப்பிப்பாள். ஆனால் அந்தக் கடிதம் என் ஃபைலில் ஏறும். ஏப்ரலில் எனக்குப் பதவி உயர்வுப் பேச்சு இருந்தது. உட்கார்ந்து எழுதினேன். முதல் வரைவில் தவறு மழைபோலத் தானாகப் பெய்திருந்தது. இரண்டாவதில் பனிமூட்டம். அவள் வாசித்துவிட்டு, "நல்லா இருக்கு அண்ணா. யார் பண்ணாங்கன்னுதான் தெரியல" என்றாள். நாலாவது மூன்றே வரி: 'நான் கொடுத்தது பொய் பில். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கணக்குப் பிரிவில் யாருக்கும் இது தெரியாது.' என் கைகள் அவ்வளவு வறட்சியாக எதையும் எழுதியதில்லை.

விஷயம் பரவியது. திங்களுக்குள் எங்கள் மாடியில் பலர் அற்புதமாகக் குணமடைந்து பில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கோயமுத்தூர்க்காரர் பலகை முன்னால் நின்றுகொண்டு, "அந்த மாத்திரை வரிய மட்டும் எடுத்துருங்க, மீதி பின்னாடி பாத்துக்கலாமுங்க" என்றார். எடுக்கவில்லை. குமாஸ்தாவை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். "அவன் எதுக்குங்க நடுவுல?" என்று கேட்டுவிட்டுத் தன் கையெழுத்தை அடித்தார். அவரைப் பார்த்து இன்னும் பலர். மிஞ்சியவர்களின் பெயரோடு மனு போனது. பதில் வரவில்லை. தலைவர் இப்போதும் நலமாக இருக்கிறார்.

பதவி உயர்வும் வரவில்லை. மேலாளர் மட்டும், "உடம்பு இப்பப் பரவாயில்லையா?" என்று ஒரு மாதம் விசாரித்துக்கொண்டிருந்தார். மார்ச்சில் அவளை நிரந்தரமாக்கினார்கள்.

அடுத்த ஜனவரியில் அவள் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது: முடிந்த வருடத்தின் பந்த் தேதிகள், வரிசையாக. எச்சரிக்கையா உபகாரமா என்று யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் மரியாதையாகக் குறித்துக்கொண்டு போனார்கள். நான் ஒரே ஒரு பில் கொடுத்தேன். சம்பளத்தில் பிடித்த வரியைப் பார்த்து வந்த தலைவலிக்கு ஒரு பட்டை மாத்திரை, பதினோரு ரூபாய்.

அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "நிஜமாவே வாங்கினதா அண்ணா?"

"ஹவ்" என்றேன்.

இந்த முறை சிரித்தாள். தேதியை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினாள்.