எஞ்சினில் ஊற்றிய தீர்த்தம்

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்து பதினேழாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பிக்கப் வண்டி குண்டலுபேட்டை ரோட்டில் நின்றுபோனது. பின்னால் முழுக்கச் செண்டுமல்லி மூட்டைகள். டிரைவர் முத்துராசு போன் செய்தான்.

"அக்கா, நல்லா ஓடிட்டே இருந்துச்சுங்க. பொசுக்குன்னு அணைஞ்சிருச்சு. சாவி போட்டா லைட்டு எரியுது, எஞ்சின் புடிக்கவே மாட்டேங்குதுங்க."

பூவை வேறு வண்டியில் மாற்றி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, எங்கள் வண்டியைக் கயிறு கட்டி மைசூருக்கு இழுத்து வந்தான். என் வீட்டுக்காரர் விட்டுப்போனது அந்த வண்டி ஒன்றுதான்.

நான் நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள். எட்டாவது வரை படித்தேன். நம் திங்கட்கிழமை பஜனையில்கூடப் பின் வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பேன். எழுந்து நின்று சாட்சி சொல்ல வராது என்பதால் எழுதித் தருகிறேன். மாதேஸ்வர சுவாமி எனக்குச் செய்ததை மறைத்து வைத்தால் பாவம்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் ஹனூர் பக்கம். கல்யாணம் ஆனதும் மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு சின்ன வீட்டில் குடிவந்தோம். அப்போது அவரிடம் ஒரு பழைய டெம்போ இருந்தது. அதில் கம்ப்யூட்டரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆயுத பூஜை அன்று எங்கள் தெரு முழுவதும் ஸ்கூட்டரும் ஆட்டோவும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். இவர் பானெட்டைத் திறந்து, பூஜை செய்த மஞ்சள் தீர்த்தத்தை ஒரு சொம்பு நிறைய அப்படியே எஞ்சின் தலையில் ஊற்றுவார். சூட்டில் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். "உகே மாதப்பா!" என்று மாதேஸ்வரனுக்கு ஜே போட்டுக் கத்துவார். தெருவே திருப்பிக் கத்தும். மஞ்சளும் டீசலும் கலந்த அந்த வாசனை சாயங்காலம் வரை என் புடவையில் இருக்கும். நான் தட்டை ஏந்திக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். எவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவை!

பிறகு இந்தப் பிக்கப் வாங்கினோம். இதற்கு மட்டும் அவர் ஒரு மாவிலையைத் தீர்த்தத்தில் தோய்த்து, மூன்று தடவை தெளித்துவிட்டு பானெட்டை மூடிவிட்டார்.

"ஏங்க, சொம்பைத் தூக்கக்கூட கையில தெம்பில்லையா?" என்று கேலி செய்தேன்.

"இது நோஞ்சான் புள்ளைடி. தலைக்கு ஊத்துனா சளி புடிச்சுக்கும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் துக்கம், பூஜை இல்லை. போன வருஷம்தான் அவர் இல்லாமல் முதல் ஆயுத பூஜை. முத்துராசு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, மறந்துபோன பூசணிக்காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். பானெட் திறந்திருந்தது. எஞ்சின் சூடாக இருந்தது. என் கையில் தீர்த்தச் சொம்பு. எனக்கு அந்தப் பழைய டெம்போதான் கண்ணில் நின்றது. ஒரு சொம்பையும் கவிழ்த்தேன். ஆவி கிளம்பியது. அந்த வாசனை வந்தது. அவர் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிமண்டபம் பக்கம் ஷெட் வைத்திருக்கும் சலீம் பாய் எலக்ட்ரிக்கல் வேலையில் கெட்டிக்காரர். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஈசிஎம் பெட்டிதான்மா. எஞ்சினுக்கு அதுதான் மூளை. நான் கேக்கறேன், அது பேசவே மாட்டேங்குது. எதுக்கும் ஒயரிங் எல்லாம் பார்த்துட்டு அப்புறம் கழட்டறேன்."

மூன்று நாள் ஒயர் ஒயராகச் சோதித்தார். மூன்று நாளும் விளக்கேற்றி ஒரே வேண்டுதல்தான் வைத்தேன்: மாதப்பா, அந்தப் பெட்டி கெட்டிருக்கக் கூடாது. அந்த வேண்டுதலை சுவாமி கேட்கவில்லை.

நான்காம் நாள் என் அண்ணன் ஷெட்டுக்கு வந்தார். கட்டட மேஸ்திரி. கோபக்காரர். ஆனால் வீட்டுக்காரர் போன பிறகு எங்களைத் தாங்குபவர் அவர்தான். அவர் எதிரில் நான் வாய் திறந்ததே இல்லை. சலீம் பாய் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைக் கழற்றி, ஒயர் சொருகும் இடத்தைக் காட்டினார். ஊசி ஊசியாக இருந்த கம்பிகள் களிம்பேறிப் பச்சை பூத்திருந்தன.

"தண்ணி எறங்கி, கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிருக்கு" என்றார்.

அண்ணன் முத்துராசு பக்கம் திரும்பினார். "பார்த்தியா? ஏரி ரொம்பி ரோட்டுல தண்ணி ஓடுச்சே, அதுல எறக்கியிருக்கே!"

"இல்லீங்கண்ணா. நான் சுத்திப் போய்த்தான் வந்தேன்."

"அப்ப தண்ணி வானத்துல இருந்தா வந்துச்சு? மச்சான் இருந்தா இப்படி ஓட்டுவியாடா? சாவியை வெச்சுட்டுப் போ. நாளைக்கு வேற ஆளு வருவான்."

முத்துராசு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து பானெட் மேல் வைத்தான். "பதினோரு வருசங்கண்ணா" என்றான்.

அப்போதுதான் நான் பார்த்தேன். பாயின் கையிலிருந்த பெட்டியின் மடிப்பில் மஞ்சள் ஒட்டியிருந்தது. தீர்த்தத்தின் மஞ்சள். நோஞ்சான் புள்ளை என்று என் வீட்டுக்காரர் சொன்னது காதில் கேட்டது.

சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. வாய் வரவில்லை. முத்துராசு வாசல் வரை போய்விட்டான். கண்ணை மூடிக்கொண்டேன். மாதப்பா, வண்டி ஓடாவிட்டாலும் போகட்டும், என் வாயைத் திற. அவ்வளவுதான் வேண்டினேன்.

"அண்ணா, அது நான் ஊத்துன தண்ணி."

என் குரல்தான். ஷெட்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது.

"நீயா? என்னத்த ஊத்துனே?"

"தீர்த்தம்ண்ணா. ஆயுத பூஜைக்கு. ஒரு சொம்பு. முத்துராசு மேல ஒரு தப்பும் இல்ல. அவனைப் போகச் சொல்லாதீங்க."

சலீம் பாய் பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அட, ஆமா! மஞ்சள்! சொம்பா ஊத்துனீங்க? இதுக்கு ஒரு ஸ்பூனே ஜாஸ்தியாச்சேம்மா!"

அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், முத்துராசுவின் கையைப் பிடித்து அதில் வைத்தார். "அவசரப்பட்டுட்டேன்டா" என்றார். அண்ணன் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சலீம் பாய் அதே மாதிரி வண்டியின் பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். எஞ்சின் ஒரு விநாடி உறுமி அணைந்தது. சாவியை அந்தப் பெட்டிக்கு அடையாளம் தெரியவில்லையாம். எங்கள் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் நினைவைப் படித்து இதில் ஏற்றினால்தான் வண்டி ஒத்துக்கொள்ளும், ஆனால் நனைந்ததில் அது அழிந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். லேப்டாப்பை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை குனிந்திருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து உகே மாதப்பா, உகே மாதப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நிமிர்ந்து, "எல்லாம் பத்திரமா இருக்கும்மா. ஒரு எழுத்துகூட அழியல" என்றார். முத்துராசு சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஓட்டியபோது கேட்ட அதே சத்தம். எனக்கு அழுகை நிற்கவில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜையில் முத்துராசு பானெட்டைத் திறந்துவிட்டு, குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றான். "அக்கா, சொம்பு அங்கேயே இருக்கட்டும். இலை மட்டும் வரட்டும்" என்றான். அண்ணன்கூடச் சிரித்துவிட்டார். மாவிலையில் தோய்த்து மூன்று தடவை தெளித்தேன். மிச்சத் தீர்த்தத்தை நாலு டயருக்கும் ஊற்றினேன். ஆவியும் வரவில்லை, அந்த வாசனையும் வரவில்லை. எனக்கு அது இல்லாமலும் அவர் பக்கத்தில் நிற்பது போல்தான் இருந்தது.

வழக்கமாக அவர்தான் கத்துவார். எல்லோரும் யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். நான் கத்தினேன். தெரு திருப்பிக் கத்தியது.

என்னைப் போல வாய் வராமல் உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே, மாதப்பனிடம் கேளுங்கள். பெட்டி கெடாமல் இருக்கட்டும் என்று கேட்டேன், தரவில்லை. வாயைத் திற என்று கேட்டேன், அந்த நிமிஷமே திறந்தார். வரும் திங்கட்கிழமை பஜனைக்கு வாருங்கள். நான் முன் வரிசையில் இருப்பேன்.